பையில் எழுதிய பெயர்: ஆண்ட்ரூ ரைனும் பெப்பர்மின்ட் இறாலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் வீட்டில் கடல்நீர் அக்குவாரியம் வைத்திருக்கும் ஒருவர் என்றைக்காவது ஒருநாள் பெப்பர்மின்ட் இறாலைத் தேடிக் கடைக்குப் போவார். கண்ணாடி போன்ற உடலில் சிவப்புக் கோடுகள் ஓடும் சின்ன இறால் அது. கோடு போட்ட மிட்டாயின் நினைவில் வைத்த பெயர். ஆனால் வாங்கப் போகிறவருக்கு அழகு இரண்டாம்பட்சம். அவருடைய தொந்தரவு ஐப்டேசியா. பவளக்கல்லின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும் இந்தச் சின்னக் கடல் சாமந்தி (பூப்போலத் தெரியும் ஒரு விலங்கு), பக்கத்தில் இருக்கும் பவளங்களைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். பிய்த்து எறிந்தால் கல்லில் மிச்சமிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும். அதனால்தான் அதற்கு இத்தனை கிராக்கி.

அந்த இறால் வரும் பிளாஸ்டிக் பையின் மேல் நெடுங்காலமாக இருந்த பெயர் லிஸ்மாட்டா வுர்டிமன்னி. கிப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1850இல் வைத்த பெயர். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பிரேசில் வரை சிவப்புக் கோடு போட்ட இந்த மாதிரி இறால் எங்கே கிடைத்தாலும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே பெயரில் பதிவாகிவந்தன. 2006இல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ரைனும் ஜுன்டா லின்னும் வெளியிட்ட 40 பக்கக் கட்டுரை அந்த வசதியைக் கெடுத்தது. ஒரே இனம் என்று நினைத்தது, ஒன்றைப்போல ஒன்று தெரியும் பல இனங்களின் கூட்டம் என்று அது காட்டியது.

ரைன் அப்போது புளோரிடா தொழில்நுட்பக் கழகத்தில் லின்னோடு சேர்ந்து அலங்கார இறால்களை ஆராய்ந்தவர். பின்னர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில் இருக்கும் ராஜர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்குவாரியத்தோடும் சேர்ந்து வேலை செய்தார். ஏறத்தாழ 2003 முதல் 2017 வரை அவர் பங்கெடுத்த வேலைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. இறாலைத் தொட்டியில் பெருக்குவது ஒரு துறை, கடலில் என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்று எண்ணுவது வேறொரு துறை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இவர் விஷயத்தில் ஒன்றில் முட்டிக்கொண்ட கேள்விதான் அடுத்ததற்குத் தள்ளியிருக்கிறது. நிகழ்வு ஆய்வுக்கு இவரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

முட்டை உண்டு, குஞ்சு இல்லை

முதலில் இறாலைப் பற்றிக் கொஞ்சம். சென்னை கொளத்தூர்க் கடைகளில் விற்கும் சிவப்புச் செர்ரி இறால் நன்னீர் இறால். அதன் முட்டையிலிருந்து வெளிவருவது ஏற்கெனவே முழு இறாலின் உருவத்தில் இருக்கும். பாசியும் சுத்தமான தண்ணீரும் இருந்தால் போதும், தானே பெருகும். அதை வைத்துக்கொண்டு கடல் அலங்கார இறாலைக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

பெப்பர்மின்ட் இறால் சேர்ந்த லிஸ்மாட்டா பேரினத்து இறால்கள் இனப்பெருக்கம் செய்வதில் சுணங்குவதே இல்லை. சொல்லப்போனால் உயிரியலாளர்களையே திகைக்க வைத்த ஏற்பாடு அவற்றுக்கு இருக்கிறது. ஒவ்வொரு இறாலும் முதலில் ஆணாக வளர்கிறது. கொஞ்சம் பெரிதானதும் முட்டையிடும் திறன் வந்துவிடுகிறது, ஆனால் ஆண் திறனும் போவதில்லை. அதாவது இளமையில் ஆண், அப்புறம் ஒரே நேரத்தில் ஆணும் பெண்ணும். 1998இல் ரேமண்ட் பாவரும் ஜோன் ஹோல்ட்டும் வுர்டிமன்னி என்று அறியப்பட்ட இறாலில் இதை விளக்கினார்கள். பத்துக்கால் ஓட்டுயிர்களில் அதற்குமுன் யாரும் பதிவு செய்யாத முறை அது. அதே ஆண்டில் பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளில் வாழும் லிஸ்மாட்டா அம்பாய்னென்சிஸ் என்ற துப்புரவு இறாலிலும் இதே போன்ற நிலையை இன்னோர் ஆய்வாளர் காட்டினார்.

வளர்ப்பவருக்கு இது பெரிய சௌகரியம். ஆண் எது, பெண் எது என்று தேட வேண்டாம். வளர்ந்த இறால் இரண்டைச் சேர்த்து விட்டால் போதும். தன் முட்டையைத் தானே கருவுறச் செய்ய முடியாது, ஆகவே துணை கட்டாயம். ஓடு கழற்றிய கையோடு அந்த இறால் பெண் வேடம் ஏற்கும், மற்றது ஆண் வேலையைப் பார்க்கும். முட்டைகள் வயிற்றடிக் கால்களில் ஒட்டியிருக்கும். பொரிந்ததும் தாய் மறுபடி ஓடு கழற்றும், மறுபடி சேரும், மறுபடி முட்டை. அடுத்த சுற்றில் வேடங்கள் மாறும்.

வீட்டுத் தொட்டியிலேயே இது நடக்கும். விளக்கை அணைத்த பிறகு இரவில் குஞ்சுகள் பொரியும். காலையில் ஒன்றும் இருக்காது. பாதி மீன் வாயில், பாதி வடிகட்டியில். முட்டை போட்ட இறாலைப் படம் எடுத்து மகிழ்ந்தவர்களில் மிகச் சிலர்தான் அதன் குட்டியைப் பார்த்திருப்பார்கள்.

சிக்கல் இந்தக் குஞ்சுப் பருவத்தில்தான் இருக்கிறது. பொரிந்து வரும் உயிர் தாயைப் போலவே இருக்காது. நீரில் மிதந்து, பல முறை ஓடு கழற்றி, ஒவ்வொரு முறையும் உருமாறி, கடைசியில்தான் தரையில் இறங்கும். பெப்பர்மின்ட் வகையில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இலங்கையிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் ரத்தச் சிவப்பு இறாலான லிஸ்மாட்டா டெபெலியஸுக்கு 75 நாளுக்கு மேல், சில வளர்ப்புகளில் 150ஐத் தாண்டியும் போயிருக்கிறது. துப்புரவு இறாலுக்கு நாலைந்து மாதம். இத்தனை நாளும் உயிருள்ள தீனி வேண்டும். புதிதாகப் பொரித்த ஆர்டீமியா நாப்ளி (ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் ஓட்டுயிரின் குஞ்சு), பிறகு சத்தேற்றிய பெரிய ஆர்டீமியா. ஒவ்வொரு நாள் தள்ளிப்போவதும் தீனிச் செலவு, ஆள் செலவு, நோய் அபாயம்.

இன்னொரு வினோதமும் உண்டு. சத்தோ சூழலோ சரியில்லை என்றால் இந்தக் குஞ்சுகள் செத்துப்போகாமல், வளராமலும், அதே பருவத்தில் ஓடு மட்டும் கழற்றிக்கொண்டே காலம் தள்ளும். கடலில் கரை கிடைக்காமல் அலையும் குஞ்சுக்கு இது நல்ல உத்தியாக இருக்கலாம். குஞ்சு பொரித்து வளர்க்கும் ஹேச்சரிக்காரருக்கு இது நரகம். உயிரோடு இருக்கிறதே என்று நம்பி வாரக்கணக்கில் தீனி போட்டுக்கொண்டிருப்பார்.

குஞ்சுகளின் உடல்வாகும் ஒத்துழைக்காது. லிஸ்மாட்டா குஞ்சின் ஐந்தாம் ஜோடிக் கால்கள் மிக நீண்டு, நுனியில் துடுப்பு மாதிரி அகன்றிருக்கும். வலையில் அள்ளினால் முதலில் ஒடிவது அவைதான். சாதாரண இறால் ஹேச்சரியில் உணவு இறாலுக்குச் செய்வதுபோல வடித்து, அள்ளி, தொட்டி மாற்றும் வேலை இங்கே நடக்காது.

இதற்கான தீர்வு ஒன்றில் ரைனின் பெயரும் இருக்கிறது. போர்ச்சுகலின் ரிக்கார்டோ கலாடோ முதன்மை ஆசிரியராகவும் ரைனும் லின்னும் உடன் ஆசிரியர்களாகவும் 2003இல் அக்குவாகல்ச்சர் ஆய்விதழில் ஒரு வளர்ப்பு அமைப்பை வெளியிட்டார்கள். அடிப்படை யோசனை பழையது: மிதவை உயிர்களை வளர்க்கும் உருண்டை அடித் தொட்டி. தண்ணீர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும், குஞ்சும் தீனியும் மூலையில் போய்க் குவியாமல் மிதக்கும். அதைச் சுழற்சி நீர், வடிகட்டி ஆகியவற்றோடு இணைத்து, குஞ்சைக் கையால் தொடாமலே பழைய தீனியை வெளியேற்றும்படி செய்தார்கள். பார்ப்பதற்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியாது. ஆனால் இதற்குப் பிறகு வெவ்வேறு இனங்களின் குஞ்சுப் பருவத்தை ஒரே சூழலில் வளர்த்து ஒப்பிட முடிந்தது. குஞ்சு எத்தனை நாளில் இறங்கும் என்ற கேள்விக்குக் கொஞ்சம் நம்பகமான பதில்கள் வர ஆரம்பித்தன.

ஒரு பெயரில் எத்தனை இறால்

இங்கேதான் பெயர்ப் பிரச்சினை குறுக்கே வருகிறது. ஓர் ஆய்வகம் டெக்சாஸ் கரையில் பிடித்த இறாலை வளர்க்கிறது. இன்னொன்று புளோரிடாவின் மேற்குக் கரை இறாலை. மூன்றாவது ஆய்வகம் கடையில் வாங்குகிறது. மூவரும் கட்டுரையில் எழுதுவது ஒரே பெயர். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் தீனியா, வெப்பமா, உப்பா என்று காரணம் தேடுவார்கள். இறாலே வேறாக இருக்கலாம் என்று யோசிப்பது கடினம். ஏனென்றால் பெயர் ஒன்றுதானே.

அருங்காட்சியக மாதிரிகளும் இதில் கை கொடுக்கவில்லை. ஆல்கஹாலில் போட்ட இறால் சீக்கிரம் வெளுத்துவிடும். இந்த இனக்கூட்டத்தில் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்தறிய மிக உதவுவது உயிரோடு இருக்கும்போது தெரியும் கோடுகளின் போக்கும் நிறமும். அவை போய்விட்டால் மிச்சம் இருப்பது நெற்றி முள்ளின் பற்கள், உணர்கொம்பின் துணைக்கிளையில் உள்ள கணுக்கள், இரண்டாம் ஜோடிக் காலின் கணுக்கள் என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டிய சமாச்சாரங்கள். அந்த எண்களும் இனத்துக்கு இனம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும்.

உயிருள்ள இறால்களோடு தினமும் பழகுகிற ஒருவருக்கு இருந்த வசதி, ஜாடிகளோடு மட்டும் பழகும் வகைப்பாட்டியலாளருக்கு இருந்திருக்காது. ரைன்–லின் கட்டுரையின் பலம் அதுதான் என்பது என் கணிப்பு. தொட்டியில் வளர்த்தவர்களே நுண்ணோக்கியிலும் உட்கார்ந்தார்கள். 2006இல் புல்லட்டின் ஆஃப் மரைன் சயின்ஸ் இதழில் அவர்கள் லிஸ்மாட்டா வுர்டிமன்னியை மறுபடி துல்லியமாக விவரித்தார்கள், நான்கு புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள்: லிஸ்மாட்டா ஆங்கெரி, லிஸ்மாட்டா பாஹியா, லிஸ்மாட்டா பாகெஸி, லிஸ்மாட்டா பெடர்செனி. 1970இல் சேஸ் பெயரிட்டிருந்த லிஸ்மாட்டா ராத்புனே பற்றியும் குறிப்புகள் எழுதினார்கள்.

பெயர் பிரிந்ததும் வாழ்க்கை முறையும் பிரிந்து தெரிந்தது. பெடர்செனி குழாய் வடிவக் கடற்பஞ்சுக்குள் ஜோடியாகக் குடித்தனம் செய்யும் இறால். பின்னர் அன்டோனியோ பயேசா என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து, ஒரு பஞ்சுக்குள் இரண்டு வளர்ந்த இறால்கள் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்தார். பாகெஸி அப்படியல்ல, கூட்டமாக வாழ்வது. இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொண்டு, ஒரு தொட்டியில் எத்தனை தாய் இறால் விடலாம் என்று ஒரே விதி எழுதினால் அது ஒன்றுக்காவது பொருந்தாது. ஹேச்சரி வைப்பவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நேரடியாகக் காசு சம்பந்தப்பட்டது.

2012இல் ரைன், கலாடோ, அன்டோனினா டோஸ் சாண்டோஸ் மூவரும் மேற்கு அட்லாண்டிக்கிலிருந்து இன்னொரு பெப்பர்மின்ட் இறாலை விவரித்தார்கள். அதன் பெயர் லிஸ்மாட்டா ஜுண்டலினி. ஜுன்டா லின்னின் பெயரையே இறாலுக்கு வைத்துவிட்டார்கள். வகைப்பாட்டியலில் இந்த மாதிரி நன்றிக்கடன் வழக்கம்தான். ஆனால் இறாலோடு இறாலாக வாழ்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடைக்காது.

2006இல் வைத்த பெயர்கள் காகிதத்தோடு நின்றனவா என்று பார்க்க நல்ல சோதனை 2017இல் வந்தது. பயேசாவும் டொனால்ட் பெஹ்ரிங்கரும் தென்கிழக்கு அமெரிக்கச் சந்தையில் விற்கும் பெப்பர்மின்ட் இறால்களை உருவ அமைப்பாலும் டிஎன்ஏவாலும் சோதித்தார்கள். வணிகத்தில் முதன்மையான இனம் லிஸ்மாட்டா பாகெஸி. உலகில் மிக அதிகம் விற்கப்படும் பெப்பர்மின்ட் இறாலே அதுதான் என்பது அவர்கள் முடிவு. ஆக, பல்லாண்டு காலம் பையின் மேல் இருந்த பெயருக்கும் பைக்குள் இருந்த இறாலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. 2006 வரை பெயரே இல்லாத ஒரு இனத்தைத்தான் புளோரிடா கடலிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தின்னும் இறால், தின்னாத இறால்

ஐப்டேசியா விஷயத்திலும் ரைனின் கை உண்டு. 2004இல் அவரும் லின்னும் இன்னொருவரும் சேர்ந்து, லிஸ்மாட்டா இறாலை வைத்து ஐப்டேசியாவைக் கட்டுப்படுத்துவது பற்றிய சோதனைகளை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே கலாடோவும் லூயிஸ் நார்சிசோவும் மத்தியதரைக் கடலின் லிஸ்மாட்டா செடிகாடேட்டா இறாலை வைத்து அதே மாதிரி சோதனை செய்தார்கள். ஐரோப்பியர்கள் புளோரிடாவிலிருந்து இறக்குமதி செய்யாமல் தங்கள் கடல் இறாலையே பயன்படுத்தலாம் என்பது இதன் நடைமுறைப் பயன்.

என் இறால் தின்னவே மாட்டேன் என்கிறது என்ற புலம்பலை ஆர்வலர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கலாம். சில நேரம் காரணம் எளிது: பெப்பர்மின்ட் என்று சொல்லிக் கொடுத்தது ஒட்டக இறால் என்ற வேறோர் இறால். சிவப்பும் வெள்ளையுமாக அதுவும் அழகாக இருக்கும், ஆனால் பவளங்களைக் கொறிக்கும் பழக்கம் உள்ளது. சில நேரம் இறால் சரியானதுதான், தொட்டியில் தீனி அதிகம் விழுகிறது. சுலபமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் கொட்டும் உயிரை அது ஏன் தின்ன வேண்டும்?

அள்ளுவது யார், எவ்வளவு

2009இல் ரைன், ராண்டி ரோட்ஜன், ஆண்ட்ரூ புரூக்னர், மைக்கேல் டிளஸ்டி நால்வரும் பிளோஸ் ஒன் இதழில் எழுதிய கட்டுரையின் தொனி வேறு. அதில் ஹேச்சரி இல்லை, நுண்ணோக்கி இல்லை. புளோரிடா மாநிலத்தில் அக்குவாரியத்துக்காக முதுகெலும்பில்லாத உயிர்களைப் பிடிக்கும் தொழிலின் 1994 முதல் 2007 வரையிலான பதிவுகளை எடுத்து அலசினார்கள். தொழில் சரிவை நோக்கிப் போகிறது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்கள்.

அவர்கள் காட்டிய மாற்றம் சுவாரசியமானது. ஒரு காலத்தில் கடல் தொட்டி என்றால் மீன் மட்டும். அப்புறம் தொட்டிக்குள் ஒரு குட்டிப் பவளப்பாறையையே உருவாக்கும் மோகம் வந்தது. குட்டிப் பவளப்பாறைக்குத் துப்புரவுப் பணியாளர்கள் தேவை: பாசி மேயும் நத்தைகள், மிச்சத் தீனி பொறுக்கும் துறவி நண்டுகள், ஐப்டேசியா தின்னும் இறால்கள். கடலில் பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும் அதே உயிர்களை அதே வேலைக்காகவே தொட்டிக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். அழகுக்காகப் பிடிப்பதைவிட இது ஆபத்தானது என்று எனக்குத் தோன்றுகிறது. அழகான மீன் தொட்டிக்கு ஒன்று இரண்டு போதும். துப்புரவுக்கோ கூட்டமாக வேண்டும். செத்தால் திரும்ப வாங்குவார்கள், நத்தை செத்தது யாருக்கும் துக்கமாகவும் இருக்காது.

பில் கட்டுகள்

ரைனின் வேலைகளில் மிகச் சலிப்பூட்டக்கூடியது, ஆனால் எல்லாவற்றையும்விட நீண்ட பலன் தரக்கூடியது என்று நான் நினைப்பது, அவர் டிளஸ்டி முதலானோருடன் சேர்ந்து அமெரிக்க இறக்குமதி ஆவணங்களைப் படித்த வேலை.

விஷயம் இதுதான். அமெரிக்காவுக்குள் வரும் வனவிலங்குச் சரக்கு எதுவாக இருந்தாலும் மீன், வனவிலங்குச் சேவைத் துறையின் படிவத்தில் பதிவாகும். ஆனால் அந்தக் கணினி அமைப்பு சட்ட அமலாக்கத்துக்காகக் கட்டப்பட்டது. கடல் அலங்கார மீன்கள் அதில் இனம் இனமாகப் பிரிக்கப்படாமல், கடல் வெப்பமண்டல மீன் என்ற ஒரே குறியீட்டின் கீழ் போகும். கோமாளி மீனும் பட்டாம்பூச்சி மீனும் ஒரே எண்ணிக்கைக்குள் கலந்துவிடும். எந்த இனம் எத்தனை வந்தது என்ற தகவல் படிவத்தில் இல்லை. ஏற்றுமதியாளர் சரக்கோடு அனுப்பும் பில்லில் இருக்கிறது. சரி, அப்படியானால் பில்லைப் படிக்க வேண்டியதுதானே?

அதைத்தான் செய்தார்கள். 2012இல் வெளியான முதல் பெரிய முடிவு 2004 மே முதல் ஓராண்டு இறக்குமதியைப் பற்றியது. ஏறத்தாழ 1.1 கோடி மீன்கள், 1,802 இனங்கள், 40 நாடுகள். பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவை. இனங்களின் எண்ணிக்கை அதுவரை மதிப்பிட்டதைவிட அதிகம். அதைவிட முக்கியமாக, அரசுப் படிவங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எண்ணிலோ வேறு விவரத்திலோ பிசகு இருந்தது. படிவத்தை மட்டும் நம்பினால் வணிக அளவு 27 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இரு தரப்புக்கும் இது பாடம். வணிகம் சின்னது, கவலை வேண்டாம் என்று சொன்னவர்கள் இனங்களின் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். வணிகம் கடலை வழித்தெடுக்கிறது என்றவர்கள் தலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் படிவங்களை நம்பியிருந்தார்கள்.

2017இல் பீர்ஜே இதழில் வந்த தொடர்ச்சி 2008, 2009, 2011 ஆண்டுகளின் பில்களை எடுத்துக்கொண்டது. இம்முறை காகிதத்தை ஸ்கேன் செய்து எழுத்துகளைக் கணினியே படிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். மீன்கள் 2008இல் 80 லட்சத்துக்கு மேல், 2011இல் சுமார் 69 லட்சம். முதுகெலும்பில்லாதவை அதே காலத்தில் 40 லட்சத்துக்கு மேல் இருந்ததிலிருந்து சுமார் 36 லட்சமாகக் குறைந்தன. முதுகெலும்பில்லாதவற்றில் மட்டும் ஆண்டுதோறும் 500க்கு மேற்பட்ட இனங்கள். இந்தத் தரவை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்திலும் வைத்தார்கள்.

இந்த இடத்தில் இனம் பிரிக்கும் வேலையும் பில் எண்ணும் வேலையும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. பில்லில் இருப்பது ஏற்றுமதியாளர் எழுதிய பெயர். பையின் மேல் வுர்டிமன்னி என்று எழுதி உள்ளே பாகெஸி இருந்தால், எத்தனை கவனமாக எண்ணினாலும் அந்த எண் தவறான இனத்தின் கணக்கில்தான் சேரும். 40 பக்க வகைப்பாட்டுக் கட்டுரையை எழுதியவரே பின்னாளில் பில் எண்ணவும் உட்கார்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பில்லின் பலவீனம் எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

வளர்த்தால் போதுமா

தொட்டியில் வளர்த்தால் கடல் தப்பிக்கும் என்பது எல்லோரும் சுலபமாக ஒப்புக்கொள்ளும் வாதம். ரைனோடு பின்னாளில் நெருங்கி வேலை செய்த டிளஸ்டி 2002லேயே இதைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தார். கடலில் ஒரு இனம் அருகிவருகிறது, அல்லது பிடிக்கும் முறை பாறையை நாசமாக்குகிறது என்றால் வளர்ப்பு நல்லது. ஆனால் கரையோரக் குடும்பங்கள் அளவோடு பிடித்து, அந்த வருமானத்துக்காகவே பாறையைக் காவல் காக்கிற இடத்தில், தொலைதூர நகரத்தின் ஹேச்சரி அந்தச் சந்தையைப் பறித்துக்கொண்டால் பாறையைக் காக்க யாருக்கும் காரணம் இருக்காது.

பெப்பர்மின்ட் இறாலை இந்தத் தராசில் வைத்தால்? குஞ்சுப் பருவம் சுமார் ஒரு மாதம் என்பதால் வளர்ப்பு சாத்தியம். வளர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடலில் அள்ளும் இறால் மலிவு. அதனால் வளர்த்த இறால் விலையில் போட்டி போடத் திணறுகிறது. நாலைந்து மாதக் குஞ்சுப் பருவம் கொண்ட துப்புரவு இறாலில் நிலைமை தலைகீழ்: விலை நல்ல விலை, ஆனால் வளர்க்கும் செலவு அதையும் தின்றுவிடும். துப்புரவு இறாலுக்கு உயிரியலே முட்டுக்கட்டை, பெப்பர்மின்ட் இறாலுக்குச் சந்தை. ஆய்வகத்தில் முடிந்துவிட்டது என்ற செய்திக்கும் கடையில் கிடைக்கிறது என்ற நிலைக்கும் நடுவே இருக்கும் தூரம் இதுதான். வளர்ப்பு வெற்றி என்று பத்திரிகைகளில் வரும் செய்திகளைப் படிக்கும்போது குஞ்சு இறங்க எத்தனை நாள், எத்தனை பிழைத்தது, கடலில் பிடித்தது என்ன விலை என்று மூன்று கேள்வி கேட்டால் பாதிச் செய்தி நிற்காது.

அகத்தியில்

இந்தியாவில் இதே இரட்டை வேலையைக் காண லட்சத்தீவின் அகத்திக்குப் போக வேண்டும். கொச்சியிலிருந்து சுமார் 460 கி.மீ. தள்ளி இருக்கும் பவளத்தீவு. சூரை மீனும் தேங்காயும்தான் பிழைப்பு. தேசிய மீன் மரபணு வளங்கள் நிறுவனம் அங்கே கடல் அலங்கார இறால்களுக்கு ஒரு மையம் அமைத்து, இரண்டு இனங்களைப் பெருக்கி, தீவுப் பெண்கள் சமூக வளர்ப்புக் கூடங்களில் விற்பனை அளவுக்கு வளர்க்கும்படி செய்திருக்கிறது. தோர் ஹைனானென்சிஸ் ஒன்று. 2014இல்தான் சீனாவின் ஹைனான் பகுதியிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான சின்ன இறால் அது. மற்றது ஆன்சிலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ், கடல் சாமந்தியின் கைகளுக்கு நடுவே வாழும் கண்ணாடி உடல் இறால்.

அதே குழுவினர் வளர்ப்போடு நிற்கவில்லை. லட்சத்தீவுப் பாறைகளில் இறால்களைத் தேடி, பெரிகிளிமெனெல்லா அகத்தி, ஆக்டினிமெனெஸ் கோயாஸ், யூரோகாரிடெல்லா அரேபியானென்சிஸ் என்று புதிய இனங்களையும் விவரித்தார்கள். பெருக்குகிற கையும் பெயர் வைக்கிற கையும் ஒன்றாக இருப்பதன் லாபம் இங்கேயும் தெரிகிறது. இந்த முயற்சியின் வேர்களில் ஒன்று பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கோமாளி மீன் பெருக்கத்தில் பல ஆண்டுகள் உழைத்த இடம். அகத்திக் குழுவுக்கும் அங்கிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள்.

டிளஸ்டி எழுப்பிய கேள்விக்கு அகத்தி ஒரு விதத்தில் பதில் சொல்கிறது: ஹேச்சரி தொலைதூர நகரத்தில் இல்லை, பாறைக்குப் பக்கத்திலேயே, பாறையை நம்பி வாழ்பவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் புளோரிடாவில் தவறிய விஷயங்களை இங்கே முதல் நாளிலிருந்தே கவனிக்க முடியும். ஆன்சிலோகாரிஸ் பெரும்பாலும் சாமந்திக்கு ஒரு ஜோடி என்று வாழும் இறால். தாய் இறாலுக்காக எடுக்கும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு சாமந்தியைக் காலி செய்வதாகும். எந்தப் பாறையிலிருந்து எத்தனை தாய் இறால் எடுத்தார்கள், கூடத்திலிருந்து எந்த இனம் எத்தனை வெளியே போயிற்று என்ற கணக்கு ஒரே நோட்டில், சரியான இனப்பெயரோடு இருக்க வேண்டும். தீவை விட்டு வெளியேறும் சரக்கு எல்லாம் விமானம், கப்பல் என்ற இரண்டே வழியில் போவதால், அமெரிக்கத் துறைமுகங்களில் பில் கட்டுகளோடு மல்லுக்கட்டியது போலல்லாமல், இந்தக் கணக்கை எழுதி வைப்பது அங்கே சுலபம்.